கல்யாண வீடியோ எடிட்டிங்: சாஃப்ட்வேர் மேல் பழி போடும் முன் பார்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு, அந்தப் பக்கம் பாறசாலையில் பெண் வீடு. இரு வீட்டாரும் தனித்தனியாகக் கேமராக்காரர் வைத்திருப்பார்கள். போதாததற்கு, வளைகுடாவிலிருந்து லீவில் வந்த மச்சான் போனில் எடுத்த கிளிப்புகளும் வந்து சேரும். எல்லாவற்றையும் ஒரே டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) போட்டதும் படம் திக்குகிறது, உதடும் சத்தமும் பிரிகிறது, தலைப்பில் எழுத்து உடைகிறது. உடனே பலரும் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். அரை நாள் போகும்; பெரும்பாலும் கோளாறு அப்படியே இருக்கும். ஏனென்றால் அது ஃபுட்டேஜோடு வந்தது.

முதலில் கோளாறு எங்கே என்று பிரித்துப் பாருங்கள். புதிதாக ஒரு காலி ப்ராஜெக்ட் திறந்து, தகராறு செய்யும் அந்த ஒரு கிளிப்பை மட்டும் போடுங்கள். அங்கேயும் திக்கினால் குறை கிளிப்பில். அங்கே ஒழுங்காக ஓடினால் குறை பழைய ப்ராஜெக்டில். அதைப் புது ப்ராஜெக்டுக்குள் இம்போர்ட் செய்து தொடரலாம். எந்த கிளிப் போட்டாலும் தகராறு என்றால் கிராபிக்ஸ் டிரைவர், கேஷ் (மென்பொருள் சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகள்), ப்ரிஃபரன்சஸ் (மென்பொருளின் அமைப்புகள்) மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருளைத் திறக்கும்போது ஆல்ட் பட்டனை அழுத்திப் பிடித்தால் ப்ரிஃபரன்சஸை ரீசெட் செய்யும் வழி கிடைக்கும். ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றினால் எது சரிசெய்தது என்பது தெரியாமலே போகும். அடுத்த கல்யாணத்தில் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்

அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். கிளிப்பின் தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகினால், ஆடியோவை இரண்டு ஃபிரேம் (வீடியோவின் தனித்தனிப் படம்) நகர்த்துவதில் பயனில்லை. அங்கே சேரும், அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடி விலகும்.

போன்கள் பெரும்பாலும் சீரான ஃபிரேம் ரேட்டில், அதாவது நொடிக்கு ஒரே எண்ணிக்கையில், படம் பதிவதில்லை. வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து ஏற்றி இறக்கும். அந்த கிளிப்பை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். ஃபிரேம் ரேட் மோடு என்ற இடத்தில் 'வேரியபிள்' என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் அந்த கிளிப்பைப் போட்டு, வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட்டை 30 என்றும் 'கான்ஸ்டன்ட்' என்றும் வையுங்கள். ஆர்எஃப் (தரத்தைக் குறிக்கும் எண்; குறைந்தால் தரம் கூடும்) 16 முதல் 18 வரை, ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ். மாற்றிய பிறகே டைம்லைனில் போடுங்கள். பாதி எடிட் முடிந்தபின் மாற்றினால் வெட்டிய இடங்கள் தள்ளிப்போக வாய்ப்பு உண்டு.

மைக் ரெக்கார்டரில் தனியாகப் பதிந்த ஒலி விலகினால் காரணம் வேறு. கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் உள்ளே ஓடும் கடிகாரம் ஒன்றல்ல. ஒரு மணி நேரத்தில் சில ஃபிரேம் வித்தியாசம் சேரும். தொடக்கத்தில் சிங்க் செய்துவிட்டு, கடைசிக்குப் போய்ப் பாருங்கள். விலகியிருந்தால் பேச்சோ பாட்டோ இல்லாத இடைவெளியில் ஆடியோவை வெட்டி, அடுத்த துண்டை மட்டும் சேர்த்து வைப்பதே எளிது.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது 0.04 நொடி. ஆகவே மேடையிலிருந்து 14 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் மைக்கில் ஒலி ஒரு ஃபிரேம் பிந்தியே பதியும். பெரிய மண்டபத்தில் கடைசி வரிசையில் 40 மீட்டரில் நின்று எடுத்தால் மூன்று ஃபிரேம். செண்டைக்காரரின் கோல் தோலில் படும் இடத்தை ஜூமில் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: கோல் பட்டு எழும்பிய பிறகுதான் அடி கேட்கும். அந்தக் கேமராவின் ஒலியை அளவுகோலாக வைத்து மற்ற கேமராக்களைச் சேர்த்தால் எல்லாமே தவறாகிவிடும். மேடைக்கு அருகில் இருந்த கேமராவை அடிப்படையாக வையுங்கள்.

ஃபிரேம் ரேட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். கேமராக்கள் 25, போன் 30. 30-ஐ 25 டைம்லைனில் போட்டால் நொடிக்கு ஐந்து ஃபிரேம் விடப்படும். கேமராவைத் திருப்பும் காட்சிகளில் படம் வெட்டி வெட்டிப் போவது அதனால்தான். சத்தம் தேவையில்லாத காட்சி என்றால் கிளிப்பை 25 என்றே இன்டர்ப்ரெட் செய்யுங்கள், அதாவது நொடிக்கு 25 ஃபிரேம் என்று மென்பொருளைப் படிக்க வையுங்கள். 83 சதவீத வேகத்தில் மெதுவாக, வழவழப்பாக ஓடும்; தாலி கட்டும் காட்சிக்கு அழகாகவே இருக்கும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்பவர்கள் ப்ராஜெக்ட் தொடங்கும்போதே 25 என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். டைம்லைன் உருவான பிறகு அதன் ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியாது.

தமிழும் மலையாளமும் உடைவது

எல்லையோரக் கல்யாணத்தில் தலைப்பு இரண்டு மொழியிலும் வர வேண்டும். மாப்பிள்ளை பெயர் தமிழில், பெண் பெயர் மலையாளத்தில், சில வீடுகளில் இரண்டுமே இரண்டு மொழியிலும். 'ஷைனி' என்று ஒட்டினால் 'ஷ'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் கொம்பு பின்னால் போய்த் தொங்கும். மலையாளத்தில் கூட்டெழுத்துகள் பிரிந்து நடுவில் சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி) நிற்கும். ஃபான்ட் சரியில்லை என்று பத்து ஃபான்ட் மாற்றிப் பார்ப்பது இங்கே நடக்கும் தவறு. எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் வேலை டெக்ஸ்ட் இன்ஜினுடையது. பிரீமியரில் எடிட், ப்ரிஃபரன்சஸ், கிராபிக்ஸ் என்று போய் டெக்ஸ்ட் இன்ஜினை 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றுங்கள். தலைப்பு அனிமேஷனுக்கான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதே அமைப்பு டைப் என்ற பகுதியில் இருக்கிறது. மூடித் திறந்து, புதிதாக ஒரு டெக்ஸ்ட் லேயர் போட்டு அடித்துப் பாருங்கள்.

பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் செய்த டெம்ப்ளேட் என்றால் சங்கதி வேறு. அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். தமிழாகக் காட்டுவது ஃபான்ட். வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை போல் தெரியும். மலையாளத்தில் எம்எல்-டிடி வகை ஃபான்ட்டுகளும் அப்படியே. ஒன்று, அந்த ஃபான்ட்டை இன்ஸ்டால் செய்ய வேண்டும். இல்லையேல் யூனிகோடுக்கு மாற்றி, தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், மலையாளத்துக்கு மஞ்சரி போன்றவற்றை வைக்க வேண்டும். மலையாளத்தில் பழைய லிபி, புதிய லிபி என்ற வேறுபாடும் உண்டு. ரச்சனா ஃபான்ட் பழைய லிபியில் காட்டும். எது வேண்டும் என்று பெண் வீட்டாரிடம் கேட்டுவிடுவது மரியாதையும்கூட.

எழுத்து சரியாக வந்தபின் அழகுக்காக டிராக்கிங்கை (எழுத்துகளுக்கு இடையேயான இடைவெளி) ஏற்றினால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகும். ஒவ்வொரு எழுத்தாக வரும் அனிமேஷனிலும் இதே கதி. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் ரேஞ்ச் செலக்டரில் 'கேரக்டர்ஸ்' என்பதை 'வேர்ட்ஸ்' என்று மாற்றுங்கள். மலையாளம் படிக்கத் தெரியாதவர் கையால் அடிக்கவே வேண்டாம். பெயரை வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பச் சொல்லி அப்படியே ஒட்டி, அந்த ஃபிரேமைப் படமாக அவர்களுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். பெயரில் பிழையோடு ஒரு வீடியோ வீட்டுக்குப் போனால், மற்ற எதை எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் அந்தப் பிழைதான் பேசப்படும்.

திக்குவது, நிற்பது, காணாமல் போவது

ஹெச்.265 என்ற முறையில் சுருக்கிய கிளிப்பில் பெரும்பாலான ஃபிரேம்கள் முழுப் படமாக இருப்பதில்லை. முன்பின் ஃபிரேம்களிலிருந்து கணக்கிட்டே காட்ட வேண்டும். மூன்று கேமராவை அடுக்கினால் திணறும். ரேம் வாங்க ஓடும் முன் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் இலகுவான நகல்) செய்து பாருங்கள். புரோரெஸ் ப்ராக்ஸி 1080-ல், 25 ஃபிரேமில், மணிக்குச் சுமார் 17 ஜிபி பிடிக்கும். இடம் பார்த்து வையுங்கள். மீடியா கேஷ் இருக்கும் சி டிரைவ் நிரம்பினாலும் திக்கும். கேஷை வேறு எஸ்எஸ்டிக்கு மாற்றி, பழையதை ப்ரிஃபரன்சஸ் வழியாக அழித்துவிடுங்கள். உங்கள் ஃபுட்டேஜ் அழியாது.

மீடியா ஆஃப்லைன் என்று சிவப்பாக வந்தால் பதற வேண்டாம். ஹார்ட் டிஸ்கின் டிரைவ் எழுத்து மாறியிருக்கும், அல்லது ஃபோல்டர் பெயரை யாரோ மாற்றியிருப்பார்கள். ஒரு கிளிப் இருக்கும் இடத்தைக் காட்டினால் அதே ஃபோல்டரில் உள்ள மற்றவற்றைத் தானே பிடித்துக்கொள்ளும். கார்டிலிருந்து காப்பி செய்யும்போது வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். ஏவிசிஹெச்டி என்ற வடிவில் பதியும் கேமராக்கள் நீண்ட பதிவைத் துண்டு துண்டாகச் சேமிக்கும். முழு ஃபோல்டர் அமைப்போடு எடுக்காவிட்டால் துண்டுகள் சேரும் இடத்தில் ஒலி ஒரு நொடிக்கும் குறைவாக அறுந்து கேட்கும்.

ஐபோன் கிளிப் மட்டும் வெளுத்து, முகமெல்லாம் பளீரென்று தெரிந்தால் அது ஹெச்டிஆர் (வெளிச்ச வித்தியாசத்தை அதிகமாகப் பதியும் முறை). கலர் கரெக்‌ஷனில் போராடாமல், இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜில் கலர் ஸ்பேஸைச் சரிபாருங்கள்.

எக்ஸ்போர்ட் 73 சதவீதத்தில் நின்றால்

ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றால் அந்த இடத்தில் உள்ள கிளிப்போ எஃபெக்டோதான் காரணம். பிழைச் செய்தியில் டைம்கோடு இருக்கும். அங்கே போய் எஃபெக்டை அணைத்துப் பாருங்கள். வேறு வேறு இடத்தில் நின்றால் எக்ஸ்போர்ட் அமைப்பில் ஹார்டுவேர் என்கோடிங்கை சாஃப்ட்வேர் என்கோடிங்காக மாற்றுங்கள். நேரம் கூடும், ஆனால் முடியும்.

எக்ஸ்போர்ட் முடிந்தும் பென் டிரைவில் ஏறவில்லை என்றால் அது எஃப்ஏடி32 என்ற பழைய வகை ஃபார்மேட்டில் இருக்கும். ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) வீடியோ சுமார் ஒரு மணி 10 நிமிடத்திலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும். எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்யலாம்தான், ஆனால் வீட்டில் இருக்கும் பழைய டிவி அதைப் படிக்காமல் போகலாம். பெரியவர்கள் பார்ப்பது டிவியில்தான் என்றால் எஃப்ஏடி32-ஐ வைத்துக்கொண்டு, ஹெச்.264-ல், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பாகமாகப் பிரித்துக் கொடுங்கள்: நிச்சயம், முகூர்த்தம், வரவேற்பு. கொடுக்கும் முன் ஒரு டிவியில் செருகி, ஒவ்வொரு பாகத்திலும் முதல் இரண்டு நிமிடத்தையும் கடைசி இரண்டு நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள். சிங்க் விலகியிருந்தால் அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் தெரியும்.