லீவுக்கு சென்னை வர்றீங்களா? பசங்க கண்ண கொஞ்சம் கவனிங்க

நாங்க டொராண்டோல இருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஊருக்கு வருவோம், மேற்கு மாம்பலத்துல அம்மா வீடு, பெரியவனுக்கு ஒன்பது வயசு சின்னவளுக்கு அஞ்சு. வயித்துக்கு மருந்து, கொசுக்கடிக்கு க்ரீம், ஓஆர்எஸ்னு பொட்டி நிறைய அடுக்கிட்டு வருவேன், கண்ண பத்தி மட்டும் யோசிச்சதே கிடையாது. போன தடவ வந்து இறங்கின மூணாம் நாளே பெரியவன் கண்ண கசக்க ஆரம்பிச்சான். அதுல பட்டு தெரிஞ்சுகிட்டது தான் இதெல்லாம்.

மொதல்ல வெயில். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்குல ஆரம்பிச்சு 28 வாக்குல முடியும், நம்ம பசங்களுக்கு லீவே ஜூன் கடைசில தான், அதனால கத்திரி போயிடுச்சு இனிமே பயமில்லனு டிக்கெட் போடுவோம். ஆனா ஜூன் ஜூலைல மேக்க இருந்து காஞ்ச காத்து அடிக்கும், கடல் காத்து மத்தியானத்துக்கு மேல தான் மெதுவா உள்ள வரும், சில நாள் வரவே வராது, அதுவரைக்கும் ரோட்டு புழுதி பூரா மூஞ்சில தான். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்வாங்க, அம்மி பறந்து நான் பாத்ததில்ல, மெட்ரோவுக்கு தோண்டின மண்ணு நல்லாவே பறக்குது. ஆட்டோல போறப்ப பசங்கள ஓரத்துல உக்கார வைக்காம நடுவுல வைங்க. மாமா ஆசையா ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வச்சு கூட்டிட்டு போவாரு, வேணாம்னு சொல்லிடுங்க, கண்ணுக்கு மட்டும் இல்ல உசுருக்கும் நல்லதில்ல.

கூலிங் கிளாஸ் அங்கருந்தே வாங்கிட்டு வாங்க, யூவி 400னு போட்டிருக்கணும், யூவினா வெயில்ல வர்ற புற ஊதா கதிர். பிளாட்பாரத்துல விக்கிற கலர் கண்ணாடில அந்த பாதுகாப்பு இருக்கானு தெரியாது, இல்லனா போடாம இருக்கறதே மேல், ஏன்னா இருட்டா இருக்கவும் கண்ணு நடுவுல இருக்கற பாப்பா பெருசா விரியும், யூவி இன்னும் அதிகமா உள்ள போகும்.

அப்புறம் சன்ஸ்க்ரீன். அங்க பூசுற மாதிரியே நெத்தி பூரா அப்பிட்டு பாண்டி பஜார் கூட்டிட்டு போனேன், பத்து நிமிஷத்துல வேர்வையோட வழிஞ்சு கண்ணுக்குள்ள இறங்கிடுச்சு, புள்ள நடு பிளாட்பாரத்துல நின்னு "எரியுதும்மா"னு கத்துறான், பாக்கறவங்க எல்லாம் நான் தான் அடிச்சேன்னு நெனச்சிருப்பாங்க. இப்பல்லாம் நெத்தில பூசறதே இல்ல, விளிம்பு அகலமான தொப்பி தான், கன்னத்துக்கு மட்டும் ஸ்டிக் மாதிரி வர்றது. ஆளுக்கு ஒரு காட்டன் கர்ச்சீப், ஒருத்தர் கர்ச்சீப்ப இன்னொருத்தர் தொடக்கூடாது.

பெசன்ட் நகர் பீச்சுல மண்ணு விழுந்தா கசக்க விடாதீங்க, கசக்கினா கருவிழில கீறல் விழும். தலைய ஒரு பக்கமா சாய்ச்சு மூக்கு பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா பாட்டில் தண்ணிய ஊத்துங்க, கண்ண சிமிட்ட சொல்லுங்க. நீச்சல் குளத்துக்கு காகிள்ஸ். ஏசி காத்து மூஞ்சில நேரா அடிக்க கூடாது. பாட்டி எண்ணெய் தேய்ச்சு குளிப்பாட்டினா தலைய பின்னாடி சாய்ச்சு சீயக்காய் தேய்க்க சொல்லுங்க, அவ்வளவு தான், எண்ணெய் குளியல நிறுத்த வேண்டியதில்ல.

ஒண்ணு மட்டும் கொஞ்சம் அழுத்தி சொல்றேன், சுண்ணாம்பு. வெத்தல போடற பெரியவங்க இருக்கற வீட்டுல சுண்ணாம்பு பாக்கெட்டோ டியூபோ எங்கயாவது கெடக்கும், பசங்க விளையாட்டா அத அமுக்கினா பீச்சி அடிச்சு நேரா கண்ணுக்குள்ள போயிடும். அது ஆல்கலி வகை காரம், உள்ள இறங்கி அரிச்சுகிட்டே போகும், பார்வையே போற அளவுக்கு. அப்ப சுத்தமான தண்ணி எங்கன்னு தேடாதீங்க, கைல கெடைக்கிற குழாய் தண்ணில இமைய விரிச்சு பிடிச்சு விடாம அரை மணி நேரம் கழுவிட்டு, அப்புறம் நேரா கண் ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. நான் வந்ததும் மொத வேலையா பாட்டியோட வெத்தல பெட்டிய அலமாரி மேல் தட்டுல ஏத்திடுவேன், அவங்களுக்கு கோவம் தான்.

இப்ப பெரியவன் கதை. கண்ணு சிவந்துச்சுனதும் ஆளாளுக்கு வைத்தியம். ஒருத்தர் வெளக்கெண்ணெய்ங்கறாரு, இன்னொருத்தர் பன்னீருங்கறாரு, எதிர் வீட்டு அக்கா தாய்ப்பால் ஒரு சொட்டுங்கறாங்க. எதுவும் வேணாம்னு நான் பெருசா புத்திசாலி மாதிரி மெடிக்கல் ஷாப்புக்கு போனேன், சீட்டு கேக்காமலே ஒரு டிராப்ஸ் குடுத்தாங்க, ஒரே நாள்ல சிவப்பு போயிடுச்சு, அட சூப்பரா இருக்கேனு பத்து நாள் ஊத்தினேன். நிறுத்தினா திரும்ப வருது. டாக்டர்கிட்ட போனப்ப பாட்டில திருப்பி பாத்துட்டு என்ன பாத்த பார்வை இருக்கே. ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன்னு லேபிள்ல இருந்தா டாக்டர் சொல்லாம ஊத்தவே கூடாதாம், நாள் கணக்குல போனா கண்ணு பிரஷர் ஏறும், கண்புரை கூட வரலாம், குழந்தைங்களுக்கும் தான். அவனுக்கு வந்தது அலர்ஜி, அலர்ஜி டிராப்ஸும் கண்ணீர் டிராப்ஸும் ஃப்ரிட்ஜ் தண்ணில நனைச்ச துணி ஒத்தடமும் போதும்னாரு. தொறந்த பாட்டில ஒரு மாசத்துல தூக்கி போட சொன்னாரு.

அலர்ஜினா பெரும்பாலும் ரெண்டு கண்ணும் அரிக்கும், தண்ணியா வடியும். மெட்ராஸ் ஐனா அனேகமா ஒரு கண்ணுல ஆரம்பிச்சு அடுத்ததுக்கு போகும், உறுத்தும், காலைல பீளை கட்டி இமை ஒட்டிக்கும். பாத்தாலே ஒட்டாது, கை, டவல், தலகாணி வழியா தான் ஒட்டும், கறுப்பு கண்ணாடி போட்டாலும் ஒட்டறது நிக்காது. வெளிச்சம் பாக்க முடியல, வலி, பார்வை மங்கல், கருவிழில வெள்ளையா புள்ளி, காய்ச்சலோட இமை வீக்கம், இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே போங்க. எழும்பூர்ல 1819ல ஆரம்பிச்ச அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கு, நுங்கம்பாக்கத்துல 1978ல இருந்து சங்கர நேத்ராலயா, பூந்தமல்லி பக்கம் தங்கினா அரவிந்த். நீங்க இருக்கற ஊர்ல டாக்டர் எழுதி குடுத்த பழைய சீட்டு இருந்தா போன்ல படம் எடுத்து வச்சுக்கோங்க.

திருஷ்டி பட்டிருச்சுனு பாட்டி உப்பு மிளகா சுத்தி போடுவாங்க, நாம என்ன சொன்னாலும் கேக்க மாட்டாங்க. போடட்டும். நெடி வரலனா தான் திருஷ்டிம்பாங்க, எங்க வீட்டுல நல்லா வந்துச்சு, மொத்த குடும்பமும் கண்ண கசக்கிட்டு நின்னோம். மிளகா அடுப்புல விழறதுக்கு முன்னாடி பசங்கள மொட்ட மாடிக்கு கூட்டிட்டு போயிடுங்க, பகல்னா எதிர் வீட்டு அக்கா வீட்டுக்கு.