நோயுற்ற மிளகாயிலிருந்து பூஞ்சையைத் தனியே பிரித்தெடுப்பது எப்படி?

சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் வாங்கும் சிவந்த மிளகாயில் சில வேளைகளில் வட்டமாகக் குழிந்த ஒரு புள்ளி இருக்கும். உற்றுப் பார்த்தால் அந்தக் குழிக்குள் வளையம் வளையமாகக் கரும்புள்ளிகளோ, ஆரஞ்சு நிறப் பசையோ தெரியும். தமிழ்நாட்டில் பழ அழுகல் என்று சொல்லப்படும் ஆந்த்ராக்னோஸ் நோய் அது; கொலெட்டோட்ரைக்கம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த பல பூஞ்சை இனங்கள் அதை உண்டாக்குகின்றன. தாவரப் பூஞ்சை நோய்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் எனக்கு, வேலை பெரும்பாலும் இத்தகைய ஒரு புள்ளியில்தான் தொடங்குகிறது. ஆய்வகத்திற்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தருவதை இங்கே எழுதுகிறேன். இதை ஆய்வகத்தில், மேற்பார்வையுடன் மட்டுமே செய்ய வேண்டும். சமையலறை இதற்கு உரிய இடமன்று.

படி 1: மாதிரி எடுத்தல்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் நீங்களே வளர்க்கும் மிளகாய்ச் செடி போதும். பூங்காக்களில் அனுமதியின்றி இலை பறிப்பது சிங்கப்பூரில் குற்றம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நோய் தொடங்கிச் சில நாட்களே ஆன பழத்தைத் தேர்ந்தெடுத்து, காகித உறையில் இட்டு, நாளும் இடமும் எழுதி, அன்றே ஆய்வகத்திற்குக் கொண்டு செல்லுங்கள். நெகிழிப் பையில் ஈரம் தேங்கினால் வழியிலேயே வேறு பூஞ்சைகள் பெருகிவிடும். சாம்பல் நோயையும் துரு நோயையும் இம்முறையில் முயல வேண்டாம். அவற்றின் பூஞ்சைகள் உயிருள்ள செடியின்மேல்தான் வளரும்.

படி 2: பூஞ்சை வளர்ப்பு ஊடகம் தயாரித்தல்

தோல் நீக்கி நறுக்கிய 200 கிராம் உருளைக்கிழங்கை நீரில் வேகவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸும் 15 கிராம் அகரும் சேர்த்து, மொத்தம் 1 லிட்டராக்குங்கள். ஆட்டோகிளேவில் (அழுத்தமான நீராவியால் கிருமி நீக்கும் கருவியில்) 121 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் வைத்த பிறகு, 50 டிகிரி அளவுக்கு ஆறவிட்டுப் பெட்ரி தட்டுகளில் ஊற்றலாம்.

அகர் என்பது மலாய்ச் சொல்தான். நாம் விருந்துகளில் துண்டு போட்டு உண்ணும் அகார் அகார் இனிப்பும் இதே கடற்பாசிப் பொருளே. நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டின் தட்டுகள் வெப்பத்தில் உருகித் தொல்லை கொடுத்தபோது, அங்கு பணியாற்றியவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே 1881-இல் அகரைப் பரிந்துரைத்தார். ஜாவாவில் வாழ்ந்திருந்த அண்டை வீட்டாரிடம் அவர் கற்ற சமையற்குறிப்பு அது.

படி 3: வெட்டுதலும் மேற்பரப்பைத் தூய்மையாக்குதலும்

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். என் முதல் மாதிரியில் புள்ளியின் நடுப்பகுதியை வெட்டினேன். இரண்டே நாளில் தட்டு முழுவதும் பஞ்சுபோல் நிரம்பி, அதன்மேல் குண்டூசித் தலைகளாகக் கறுத்து நின்றது ரைசோபஸ், அதாவது ரொட்டியில் வளரும் பூஞ்சை. செத்த திசுவில் இப்படிப் பின்னால் வந்து குடியேறுபவை ஏராளம். நோய்க்காரணி முன்னேறிக்கொண்டிருப்பது புள்ளியின் விளிம்பில். ஆகவே பாதி நோயுற்ற தோலும் பாதி நலமான தோலும் சேர்ந்து வரும்படி, 5 மில்லிமீட்டர் அளவுத் துண்டுகளாக வெட்டுங்கள்.

துண்டுகளை 70 சதவீத எத்தனாலில் 30 வினாடியும், பிறகு 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 1 நிமிடமும் அமிழ்த்தி, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசுங்கள். புட்டியில் 5 சதவீதம் என்று அச்சிட்ட பிளீச் கிடைத்தால், 1 பங்கிற்கு 4 பங்கு நீர் சேர்க்க வேண்டும். பிளீச்சையும் எத்தனாலையும் ஒரே பாத்திரத்தில் கலக்கவே கூடாது. அலசிய துண்டுகளைக் கிருமி நீக்கிய வடிதாளில் ஒற்றி ஈரம் போக்கி, தட்டுக்கு நான்காக வையுங்கள். கடைசியாக அலசிய நீரில் சில துளிகளை வேறொரு தட்டில் பரப்பி வைப்பது என் வழக்கம். அதில் ஏதேனும் வளர்ந்தால் தூய்மையாக்கியது போதவில்லை என்று பொருள்.

படி 4: தூய வளர்ப்பு

தட்டுகளை 25 முதல் 28 டிகிரியில் வைத்து நாள்தோறும் பாருங்கள். குளிரூட்டிய ஆய்வகம் பல வேளைகளில் இதைவிடக் குளிராக இருக்கும் என்பதால் வளர்ப்புப் பெட்டியே நல்லது. துண்டிலிருந்து வெளிப்படும் இழைகளின் நுனியை மட்டும் ஊசியால் எடுத்துப் புதிய தட்டுக்கு மாற்ற வேண்டும். தட்டு நிறையும்வரை காத்திருந்தால் இரண்டு பூஞ்சைகள் பின்னிக்கொள்ளும். வேண்டாத தட்டுகளை ஆட்டோகிளேவ் செய்த பிறகே எறியுங்கள்.

படி 5: அடையாளம் காணுதல்

நுண்ணோக்கியில் ஒற்றைச் செல்லாலான, உருளை அல்லது பிறை வடிவ வித்துகள் தெரிந்தால் கொலெட்டோட்ரைக்கம் என்று ஊகிக்கலாம். இனத்தைச் சொல்ல டிஎன்ஏ வேண்டும். அதிலும் பூஞ்சைகளை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் ஐடிஎஸ் என்னும் டிஎன்ஏ பகுதி ஒன்று மட்டும் இந்தப் பேரினத்திற்குப் போதாது, ஆக்டின், பீட்டா டியூபுலின் முதலிய மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படி 6: குற்றத்தை நிறுவுதல்

வளர்ந்தது என்பதாலேயே அது நோய்க்காரணியாகிவிடாது. கோக் வகுத்த விதிகளின்படி, மில்லிலிட்டருக்கு 10 லட்சம் வித்துகள் கொண்ட கரைசலை நலமான மிளகாய்களில் ஊசியால் குத்திய இடத்திலும் குத்தாத இடத்திலும் இட்டு, ஒப்பீட்டுக்குச் சில பழங்களில் வெறும் நீரை இட்டு, ஈரப்பதம் காக்க ஒரு நாள் மூடி வையுங்கள். அதே குழிப்புள்ளி தோன்ற வேண்டும். அதிலிருந்து அதே பூஞ்சை மறுபடியும் கிடைக்க வேண்டும். நீர் இட்ட பழங்கள் நலமாக இருக்க வேண்டும். இம்மூன்றும் நிறைவேறும்வரை ஆய்வுக் குறிப்பேட்டில் நோய்க்காரணி என்று எழுதாமல், பிரித்தெடுத்த தட்டின் எண்ணை மட்டும் எழுதி வையுங்கள்.