ரிஃப்ரெய்ன்: எங்கே, எப்படிப் போடுவது?

பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் அடிக்கடி தடுமாறுகிற வினைச்சொல் ‘ரிஃப்ரெய்ன்’. செய்யத் தோன்றுகிற ஒன்றைத் தானாகவே செய்யாமல் இருந்துகொள்வது என்று அர்த்தம். வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஆனாலும் பேசவில்லை என்போமே, அதுதான்.

இதற்குப் பின்னால் ‘ஃப்ரம்’ வரும். அடுத்த வினை ‘இங்’ என்று முடியும். குற்றாலத்தில் வெள்ளம் வரும்போது அறிவிப்பு எழுதச் சொன்னால், ‘ப்ளீஸ் ரிஃப்ரெய்ன் ஃப்ரம் பாத்திங்’ என்று எழுதுங்கள். ‘ரிஃப்ரெய்ன் டு பாத்’ தப்பு. இது பலகைக்கும் சுற்றறிக்கைக்கும் உரிய மரியாதையான தொனி. வீட்டில் தம்பியிடம் சொல்ல ‘டோன்ட்’ போதும்.

அப்புறம், அடுத்தவரைத் தடுப்பதற்கு இந்தச் சொல் உதவவே உதவாது. ‘ஹி ரிஃப்ரெய்ன்ட் மீ’ என்று எழுதாதீர்கள். அங்கே ‘ரிஸ்ட்ரெய்ன்’ வேண்டும். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகி வேகத்தை அடக்குகிறார்களே, அது ரிஸ்ட்ரெய்ன். வடம் பிடிக்க ஆசை இருந்தும் நீங்களாகவே ஓரமாக நின்றுகொண்டால், அது ரிஃப்ரெய்ன். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஓட்டுப் போடாமல் ஒதுங்குவது, மதுவை விலக்குவது என்றால் ‘அப்ஸ்டெய்ன்’ பொருத்தம். அதற்கும் ‘ஃப்ரம்’தான்.

பெயர்ச்சொல்லாக வரும் ‘ரிஃப்ரெய்ன்’, பாட்டில் திரும்பத் திரும்ப வரும் வரி. வினைச்சொல், கடிவாளத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பாட்டு வரிக்கு வேர் வேறு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்காதீர்கள்.