சசெக்ஸ் கடற்கரைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

லண்டனில் வெயில் 28 டிகிரியைத் தொட்டால் போதும், நம் குடும்பங்கள் பிரியாணிப் பாத்திரத்தையும் பாயையும் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பிவிடும். கேம்பர் சாண்ட்ஸ், ஹேஸ்டிங்ஸ், ஈஸ்ட்போர்ன், செவன் சிஸ்டர்ஸ், பிரைட்டன் எல்லாமே ஒரே நாளில் போய்வரும் தூரம்தான். அவசியம் பார்க்க வேண்டிய இடங்களும்கூட. ஆனால் மெரினாவையோ காரைநகர் கசூரினா கடற்கரையையோ மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கடலில் இறங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

சென்னையில் ஓதம், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது, ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். யாழ்ப்பாணப் பக்கம் அதைவிடவும் குறைவு. அதனால் காலையில் பார்த்த கரை மாலையிலும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். கிழக்கு சசெக்ஸில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் 6 மீட்டரைத் தாண்டும். கேம்பர் சாண்ட்ஸ் தட்டையான மணல்வெளி. ஓதம் இறங்கிய நேரத்தில் போய்ச் சேர்ந்தால் கடல் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரியும். பந்து விளையாட இதைவிட நல்ல இடம் கிடையாது என்று தோன்றும். விளையாடிக்கொண்டே தண்ணீர் ஓரத்துக்குப் போய்விடுவோம்.

திரும்பி ஏறும் தண்ணீர் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. அந்த மணல்வெளியில் திட்டுகளும் அவற்றுக்கு இடையே பள்ளங்களும் உண்டு. முதலில் நிறைவது பள்ளங்கள். திட்டின் மேல் நிற்பவருக்குக் கணுக்கால் அளவுதான் நனையும். அவருக்கும் கரைக்கும் நடுவில் உள்ள பள்ளம் அதற்குள் நெஞ்சளவுக்கு மேல் நிறைந்துவிடும். அலைச் சத்தம் எதுவும் பெரிதாக இருக்காது. 2016 ஆகஸ்ட் 24 அன்று இதே கேம்பர் சாண்ட்ஸில் லண்டனைச் சேர்ந்த, இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட ஐந்து இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். அன்று அங்கே உயிர்காப்பாளர்கள் இல்லை. அதன் பிறகுதான் கோடையில் அவர்களைப் பணியில் அமர்த்தினார்கள். இந்தச் செய்தி தெரியாமல் நம் பிள்ளைகள் யாரும் அந்த மணலில் கால் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே, புறப்படுவதற்கு முன்பே அன்றைய ஓத அட்டவணையைப் பாருங்கள். ஓதம் உச்சத்துக்கு ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் போன வாரம் பார்த்த நேரம் இந்த வாரம் உதவாது. ஓதம் ஏறத் தொடங்கும்போது எல்லாரும் மணல்மேடுகளின் பக்கம் வந்துவிட வேண்டும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்கலாம். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது. கறுப்பு-வெள்ளைக் கட்டம் போட்ட கொடி பலகைச் சறுக்கு ஆடுகிறவர்களுக்கு. உயிர்காப்பாளர்கள் கோடையில் பகல் நேரத்தில் மட்டுமே இருப்பார்கள். அவர்கள் போன பிறகு “இன்னும் வெளிச்சம் இருக்கிறதே” என்று இறங்காதீர்கள். ஒருவர் தத்தளித்தால் பின்னாலேயே குதிப்பதும் ஆபத்து. 999 எண்ணை அழைத்து கோஸ்ட்கார்ட் வேண்டும் என்று கேளுங்கள். கையில் கிடைக்கும் மிதக்கும் பொருள் எதையாவது அவரை நோக்கி எறியுங்கள். நீங்களே மாட்டிக்கொண்டால் நீந்திப் போராடாமல், காதுகள் தண்ணீரில் இருக்கும்படி தலையைப் பின்னால் சாய்த்து, மூச்சு சீராகும்வரை மல்லாந்து மிதக்க வேண்டும்.

வெயிலைப் பார்த்துத் தண்ணீரின் சூட்டைக் கணிப்பது இன்னொரு தவறு. மே மாத விடுமுறையில் காற்று கொதித்தாலும் கடல் 11, 12 டிகிரியில்தான் இருக்கும். திடீரென்று குதித்தால் மூச்சு திணறி, வாய்க்குள் தண்ணீர் போய்விடும். நன்றாக நீந்துபவர்களுக்கும் இதே கதிதான். ஆகஸ்ட், செப்டம்பரில்தான் கடல் கொஞ்சம் இளஞ்சூடாகும். காற்றடைத்த மெத்தை, அன்னப்பறவை மாதிரியான பொம்மைப் படகுகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இந்தக் கரை தெற்கு பார்த்தது. வடக்கிலிருந்து காற்று வீசினால் கரையோரம் குளம் மாதிரி அமைதியாகத் தெரியும். குழந்தை ஏறிய மெத்தையை அந்தக் காற்றே கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும்.

அடுத்தது, வெள்ளைப் பாறைகள். செவன் சிஸ்டர்ஸும் பீச்சி ஹெட்டும் சுண்ணப்பாறை. பீச்சி ஹெட் 162 மீட்டர் உயரம். மேலே பச்சைப் புல் விளிம்புவரை படர்ந்திருக்கும், வேலி இருக்காது. அந்த விளிம்புக்குக் கீழே பாறை குடைந்து போயிருப்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே பெல் டவுட் என்று 1832இல் கட்டிய ஒரு பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. பாறை சரிந்து விளிம்பு நெருங்கிவிட்டதால் 1999இல் கட்டடத்தை அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள். கட்டடத்துக்கே இந்த நிலை என்றால் செல்ஃபிக்கு நிற்பவர் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும்! 2017இல் செவன் சிஸ்டர்ஸ் பாறையில் படத்துக்காகத் துள்ளிக் குதித்த வெளிநாட்டு மாணவி ஒருவர் விழுந்து இறந்தார். பாறை அடியில் பாய் விரித்து உட்காருவதும் அதே அளவு ஆபத்து. பர்லிங் கேப் படிக்கட்டில் இறங்கி அடிவாரம் வழியாகவே கக்மியர் முகத்துவாரம்வரை நடப்போம் என்று கிளம்பாதீர்கள். ஓதம் ஏறினால் நடுவில் மேலே ஏற வழி கிடையாது.

படங்களில் பார்த்த அந்தக் காட்சி, அதாவது முன்னால் சிறு வீடுகளும் பின்னால் வரிசையாக வெள்ளைப் பாறைகளுமாக, சீஃபோர்ட் ஹெட் பக்கத்திலிருந்துதான் தெரியும். பலர் பர்லிங் கேப்புக்குப் போய் நின்று ஏமாறுகிறார்கள். சீஃபோர்டு பக்கம் படம் எடுத்த பிறகு எதிர்ப் பாறைக்கு இப்படியே போய்விடலாம் என்றும் நினைப்பார்கள். நடுவில் கக்மியர் ஆறு. பாலம் உள்ளே எக்சீட்டில்தான். இரண்டு பக்கத்தையும் பார்க்க ஆசைப்பட்டால் அரை நாளை ஒதுக்குங்கள்.

வெயில் சனிக்கிழமைகளில் கேம்பருக்குப் போகும் ஒற்றைச் சாலை அடைத்துக்கொள்ளும். காலை ஒன்பதுக்குள் சேருங்கள், அல்லது ரயிலில் ரை வரை போய் பேருந்து பிடியுங்கள். பிரைட்டனும் ஹேஸ்டிங்ஸும் கூழாங்கல் கரை; மணல் வாளியோடு போகும் குழந்தை அழும், வெறுங்காலில் நடக்க முடியாது. அழகாக இருக்கிறதென்று கற்களை அள்ளிக்கொண்டு வராதீர்கள். 1949ஆம் ஆண்டின் கரைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம், அந்தக் கற்கள்தான் ஊரைக் கடலிடமிருந்து காக்கும் அரண். கையில் சிப்ஸ் பொட்டலத்தோடு நின்றால் கடற்காகம் பறித்துவிடும், சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கடலோடு நின்றுவிடுவதும் ஒரு குறைதான். 1066ஆம் ஆண்டுப் போர்க்களத்தைத் தேடி ஹேஸ்டிங்ஸ் ஊருக்குள் அலைய வேண்டாம். போர் நடந்த இடம் சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, பேட்டில் என்ற ஊரில் இருக்கிறது. பிரைட்டனுக்குப் போகிறவர்கள் கடலுக்குள் நீளும் கேளிக்கைப் பாலத்தையும் ராட்டினத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதல் உலகப் போரில் காயமடைந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அங்கே உள்ள ராயல் பெவிலியன் அரண்மனையையே மருத்துவமனை ஆக்கியிருந்தார்கள். அங்கே இறந்த இந்து, சீக்கிய வீரர்களை ஊருக்கு வடக்கே குன்றின் மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921இல் திறந்த வெள்ளைப் பளிங்கு மண்டபம்தான் சத்ரி. அதற்குக் கார் போகாது. மேய்ச்சல் நிலத்தின் வழியாக நடந்து ஏற வேண்டும், மழை பெய்த மறுநாள் செருப்போடு போகாதீர்கள்.