கியர் பாக்ஸை ஒரே தடவை இறக்குங்கள்: வீட்டில் கிளட்ச் மாற்றும் முறை

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம் போய்விட்டு நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தபோது என் பெரோடுவா கஞ்சில் காருக்குள் கருகிய வாடை வந்தது. அடுத்த வாரம் பாலேக் புலாவ் போக துன் சர்டோன் சாலையில் ஏறினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. எஞ்சின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் வழுக்குகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது எதற்கென்றால், பட்டறையில் கிளட்ச் பிளேட் மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இந்த முறை நானே பார்த்துவிடுவது என்று சுங்கை ஆராவில் வீட்டுப் போர்ச்சில் வண்டியை ஏற்றி, அக்கா மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு சனி ஞாயிறில் முடித்தேன்.

முதலில், கிளட்ச்தான் போய்விட்டதா என்று உறுதி செய்யுங்கள். எஞ்சின் சூடான பிறகு சமதரையில் எதிரே யாரும் இல்லாத இடத்தில் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது அல்லது நான்காவது கியரில் போட்டு, எண்ணெய் பெடலை (ஆக்ஸிலரேட்டரை) கொஞ்சம் அழுத்திக்கொண்டே கிளட்ச் பெடலை விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே செத்துவிடும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் வழுக்குகிறது என்று அர்த்தம். ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற பிளேட்டும் கருகிவிடும். ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று கடித்தால் அது வேறு கதை, கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. கஞ்சில் மாதிரி கேபிள் வண்டிகளில் பல நேரம் கேபிளைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடும். கேபிள் ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் பிளேட் வழுக்கும், அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள், கொஞ்ச தூரம் சும்மா ஆட வேண்டும். பெடலை மிதித்தால் மட்டும் ஊளைச் சத்தம் வந்தால், கிளட்சை விடுவிக்கத் தள்ளும் ரிலீஸ் பேரிங் போயிருக்கிறது. மிதித்தவுடன் சத்தம் நின்றுபோனால் கியர் பாக்ஸ் உள்ளே இருக்கும் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள், கிளட்ச் மாற்றி அது சரியாகாது.

சாமான் வாங்கும்போது பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக வாங்குங்கள். இந்த வேலையில் உழைப்பு முழுக்க கியர் பாக்ஸை இறக்குவதிலும் ஏற்றுவதிலும்தான் போகிறது, பிளேட் மாற்றுவது அரை மணி நேரம். அதனால் சில வெள்ளியை மிச்சம் பிடிக்கப் பழைய பேரிங்கையே போட்டால், அது கத்தும் அன்று முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டும். கூடவே எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் பின்பக்க ஆயில் சீல், சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டுகளுக்குச் சீல் இரண்டு, கியர் ஆயில், கேபிள் நூல் பிரிந்திருந்தால் புதுக் கேபிள். கடையில் கார் பெயர் மட்டும் சொன்னால் போதாது, எஞ்சின் அளவும் வருடமும் சொல்லுங்கள். கஞ்சிலிலேயே 660-ம் உண்டு, 850-ம் உண்டு. பழைய பிளேட்டைக் கழற்றிய பிறகு புதியதின் மேல் வைத்து அகலமும் நடுவில் உள்ள பற்களின் எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று பார்க்காமல் மாட்டாதீர்கள்.

வண்டியை ஏற்றுவதில் அவசரம் வேண்டாம். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. கெட்டியான சிமெண்ட் தரை, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, முன்னால் இரண்டு ஸ்டாண்ட், அப்புறம் வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கழற்றும் வரிசை வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், ஆனால் முன்சக்கர இழுவை உள்ள சின்ன கார்களில் ஏறக்குறைய இப்படித்தான். பேட்டரியின் நெகட்டிவ் முதலில், பிறகு பேட்டரியும் அதன் தட்டும், ஏர் ஃபில்டர் பெட்டி, ஸ்டார்ட்டர், கிளட்ச் கேபிள், ஸ்பீடோ கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், கியர் லீவரிலிருந்து வரும் இணைப்பு. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கியர் ஆயிலை ஒரு பேசினில் வடித்துவிடுங்கள். அந்த ஆயிலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், டப்பாவில் அடைத்து எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள். அடுத்து இரண்டு பக்கமும் கீழ் பால் ஜாயிண்டைப் பிரித்து சக்கரத்தின் கூட்டை வெளியே இழுத்தால், பல வண்டிகளில் ஹப் நட்டைத் தொடாமலே டிரைவ் ஷாஃப்டின் உள்முனையை நெம்பி எடுத்துவிடலாம். நெம்பும்போது சீல் உதட்டில் இரும்பு படாமல் பாருங்கள்.

எஞ்சினைத் தாங்க, அதன் ஆயில் தொட்டியான சம்ப்புக்கு அடியில் அகலமான பலகை வைத்து அதன் மேல் ஜாக் கொடுங்கள், நேராக இரும்பு பட்டால் சம்ப் நசுங்கும். கியர் பாக்ஸுக்கு இன்னொரு ஜாக். பாக்ஸைத் தாங்கும் மவுண்ட்டைக் கழற்றி, சுற்றியுள்ள போல்ட்டுகளை எடுத்து, எஞ்சினை விட்டு விலகும்படி நேராக இழுங்கள். 25, 30 கிலோ இருக்கும், தனியாளாகச் செய்யாதீர்கள். பாதி வெளியே வந்த நிலையில் பாக்ஸ், கிளட்ச் பிளேட்டுக்குள் நுழையும் அந்த ஒற்றை ஷாஃப்டில் தொங்கக் கூடாது, ஷாஃப்டும் கெடும், மாட்டும்போது இப்படித் தொங்கவிட்டால் புதுப் பிளேட்டின் நடுப்பகுதியும் வளையும்.

உள்ளே கறுப்புத் தூசி நிறைய இருக்கும். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அதனால் காற்று அடித்து ஊதவே கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு பிரேக் கிளீனரால் நனைத்துத் துணியால் துடையுங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் தகடு கோணிவிடும்.

கடைசி போல்ட்டு வந்ததும் பிளேட் என் கையில் விழுந்தது. விரலில் வழவழவென்று ஒட்டியது, ஓரத்தில் ஈரமான கறுப்பு வளையம். அக்கா மகன், "மாமா, இது எண்ணெய்" என்றான். தேய்மானம் பாதிகூட இல்லை, எண்ணெயில் ஊறியதால்தான் வழுக்கியிருக்கிறது. போன தடவை அந்தப் பட்டறையில் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கசிந்துகொண்டிருந்த சீலைப் பார்க்காமலே மூடியிருக்கிறார்கள். உங்களுக்கும் எண்ணெய் தெரிந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் மூடாதீர்கள். முகர்ந்து பாருங்கள்: கந்தக வாடையோடு கெட்டியாக இருந்தால் கியர் ஆயில், பாக்ஸிலிருந்து பிளேட்டுக்குள் நுழையும் ஷாஃப்டின் சீல் போயிருக்கிறது. கறுத்து நீர்த்திருந்தால் எஞ்சின் ஆயில், கிராங்க் சீல். என்னுடையது கிராங்க் சீல். அந்தச் சீலை மறைத்துக்கொண்டு நிற்கும், கிளட்ச் பொருந்தும் கனமான சக்கரமான ஃபிளைவீலைக் கழற்றும் முன் அது இருக்கும் நிலையைக் கோடு போட்டு வைத்துக்கொண்டு, புதுச் சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, கோணாமல் சமமாகத் தட்டி இறக்கினேன். ஃபிளைவீல் போல்ட்டுகளை அந்த வண்டியின் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும்.

ஃபிளைவீல் முகத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். நீலப் புள்ளிகள், முடி போன்ற வெடிப்பு, நகத்தில் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆழமான வெடிப்பு என்றால் மாற்றுவதுதான் நல்லது.

மாட்டுவதற்கு முன் ஃபிளைவீலையும் புதுப் பிரஷர் பிளேட்டின் முகத்தையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள், துருப்பிடிக்காமல் இருக்க அதில் ஒரு படலம் பூசியிருப்பார்கள். பிளேட்டைக் கிரீஸ் கையால் தொடாதீர்கள். நடுவில் ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருக்கும் பக்கம் பெரும்பாலான வண்டிகளில் கியர் பாக்ஸைப் பார்த்து வரும். பிளேட்டிலேயே எழுதியிருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும். தலைகீழாக மாட்டினால் கிளட்ச் ஒழுங்காக விடுபடாது, முழுக்கத் திரும்பக் கழற்ற வேண்டும்.

பிளேட்டை நடுவில் நிறுத்துவதில்தான் பொறுமை வேண்டும். செட்டோடு பிளாஸ்டிக் சென்டர் குச்சி வந்தால் அதை நுழைத்து வைத்து, பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் கையால் ஏற்றி, பிறகு எதிரெதிராகக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். அக்கா மகன் ஒரே பக்கமாக இறுக்க ஆரம்பித்தான், "டேய், எதிர்ப்பக்கம் போடா" என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். முடிந்ததும் குச்சி தடையில்லாமல் உருவி வர வேண்டும், இழுபட்டால் நடுவில் இல்லை. ஷாஃப்ட் பற்களில் கிரீஸை விரல் நுனி அளவு தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், அதிகமானால் சுழலும்போது பிளேட்டின் மேல் தெறிக்கும். ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் ஆடும் முனையிலும் கொஞ்சம் வையுங்கள்.

பாக்ஸை ஏற்றும்போது முழுசாகப் பொருந்தாமல் ஒரு விரல் இடைவெளி நின்றுபோகும், எல்லாருக்கும் நடப்பதுதான். அப்போது போல்ட்டுகளை இறுக்கி இழுத்து உட்கார வைக்காதீர்கள், பாக்ஸின் காது உடைந்துவிடும். ஒரு கியரில் போட்டு, டிரைவ் ஷாஃப்ட் போகும் துளை வழியாக மெல்லச் சுழற்றிக்கொண்டே தள்ளுங்கள். பற்கள் சேர்ந்ததும் டொக் என்று தானாகப் போய் உட்காரும். எங்களுக்கு அந்த டொக் சத்தம் கேட்க முக்கால் மணி நேரம் ஆனது, பின்னால் இழுத்து கோணத்தை மாற்றி மூன்று தடவை தள்ளினோம்.

மற்றதெல்லாம் கழற்றியதின் தலைகீழ்தான், எடுத்த படங்கள் இப்போதுதான் உதவும். பால் ஜாயிண்ட் நட்டை மறக்காமல் சரிபார்த்து, புது கியர் ஆயிலை லெவல் துளையில் வழியும் வரை ஊற்றி, கிளட்ச் கேபிளில் பெடலுக்கு 2 சென்டிமீட்டர் வாக்கில் சும்மா ஆடும் இடம் விட்டுச் சரிசெய்யுங்கள். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதையே வையுங்கள். வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே எஞ்சினைப் போட்டு எல்லா கியரும் சத்தமில்லாமல் விழுகிறதா, எங்காவது சொட்டுகிறதா என்று பாருங்கள்.

முதல் 500 கிலோமீட்டர் வரை மேட்டில் பாதிக் கிளட்சில் நிறுத்துவது, பாரம் ஏற்றிக்கொண்டு மலை ஏறுவது எதுவும் வேண்டாம். அதற்குள் புதுப் பிளேட் படிந்து பெடல் சும்மா ஆடும் இடம் குறைந்திருக்கும், கேபிளை இன்னொரு தடவை சரிசெய்துவிடுங்கள். நான் அதற்குப் பிறகுதான் துன் சர்டோன் சாலையில் ஏறிப் பார்த்தேன், இரண்டாவது கியரில் இழுத்துக்கொண்டு போனது.