ஸ்காடாவுக்கு ஜோடி சர்வர் அமைப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளில் கண்ட்ரோல் ரூமுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்காடா (ஆலையைத் திரையில் கண்காணித்துக் கட்டளை அனுப்பும் மென்பொருள்) ஓடும் சர்வர் படுத்துவிட்டாலும், இயந்திரங்களை நேரடியாக இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி. தன் பாட்டுக்கு வேலை செய்யும். பம்பு ஓடும், வால்வு திறக்கும். ஆனால் ஆபரேட்டருக்கு எதுவும் தெரியாது, அலாரமும் வராது. அதனால்தான் இரண்டாவது சர்வர்.

படி 1: சர்வர் எவ்வளவு நேரம் நின்றால் ஆலை தாங்கும் என்று புரொடக்‌ஷன்காரர்களிடம் கேளுங்கள். 99.9 சதவீத நேரம் ஓட வேண்டும் என்றால் ஆண்டுக்குச் சுமார் எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம், 99.99 என்றால் 53 நிமிடம்தான். தொட்டி மட்டம் மட்டும் பார்க்கும் இடத்துக்கு, அலமாரியில் தயாராக ஒரு கணினி போதும். பாய்லருக்கு ஹாட் ஸ்டாண்ட்பை வேண்டும், அதாவது எப்போதும் ஓடிக்கொண்டே இருந்து, முதலாவது நின்றதும் தானே பொறுப்பேற்கும் இரண்டாவது சர்வர்.

படி 2: பிரித்து வையுங்கள். இரண்டு சர்வரையும் ஒரே ரேக்கில், ஒரே யூ.பி.எஸ்.ஸில் மாட்டுவது வீண் செலவு. தனித்தனி யூ.பி.எஸ்., தனித்தனி ஸ்விட்ச், முடிந்தால் தனித்தனி அறை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலியில் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தவர்கள் எதையும் தரைத்தளத்தில் வைக்க மாட்டார்கள். உப்புக்காற்று வேறு, கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

படி 3: ஹார்ட்பீட். சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். 'நான் இருக்கிறேன்' என்று இரண்டு சர்வரும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கேபிள் மட்டும் அறுந்தால்? முதல் சர்வர் போய்விட்டது என்று நினைத்து இரண்டாவதும் பிரைமரி (பொறுப்பில் இருக்கும் சர்வர்) ஆகிவிடும். இரண்டும் ஒரே பி.எல்.சி.க்குக் கட்டளை அனுப்பும். இதுதான் ஸ்பிளிட் பிரெய்ன். ஹார்ட்பீட்டை இரண்டு தடங்களில், வெவ்வேறு கேபிள் டிரே வழியாக இழுங்கள். ஒரே டிரே என்றால் ஒரு வெல்டிங் பொறி போதும், இரண்டும் போய்விடும். உங்கள் சாஃப்ட்வேர் அனுமதித்தால் மூன்றாவதாக ஒரு சாட்சிக் கணினியும் வையுங்கள். அதன் ஒப்புதல் கிடைக்கிற சர்வரே பிரைமரி, கிடைக்காதது ஒதுங்கிவிடும்.

படி 4: எல்லாக் கணினிக்கும் ஒரே என்.டி.பி. (நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் முறை) கடிகாரம். இல்லையென்றால் எந்த அலாரம் முதலில் வந்தது என்றே சொல்ல முடியாது.

படி 5: சோதனை. திரையில் 'ஸ்விட்ச் ஓவர்' பொத்தானை அழுத்துவதை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆலை ஷட்டவுன் சமயத்தில் பர்மிட் வாங்கி, முதலில் பவர் கேபிள், பிறகு நெட்வொர்க், பிறகு ஹார்ட்பீட் என்று பிடுங்கிப் பாருங்கள். கடைசியாக ஸ்காடா சர்வீஸை மட்டும் நிறுத்துங்கள். விண்டோஸ் உயிரோடு இருப்பதால் ஹார்ட்பீட் நிற்காமல் தொடரலாம். அப்போதும் சர்வர் மாறுகிறதா?

பேக்கப்பை மறக்க வேண்டாம். ஒரு சர்வரில் டேக்கை (ஒரு சென்சாருக்கோ வால்வுக்கோ ஸ்காடாவில் உள்ள பதிவு) அழித்தால், சிங்க் ஆகி அடுத்த நொடியே மற்றதிலும் அழிந்துவிடும். வாரம் ஒருமுறை புராஜெக்ட் ஃபைலை நெட்வொர்க்கோடு சேராத ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.