வீட்டில் மிருதங்கம் ரெக்கார்டிங்: கருவி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிருதங்கம் கற்கிற பிள்ளைகள் இப்போது அரங்கேற்றத்துக்கு முன்பே மைக் வாங்கிவிடுகிறார்கள். வாங்கிவிட்டு, "அண்ணா, ஏன் சரியாக வரவில்லை?" என்று கேட்கிறார்கள். ஃபேனை நிறுத்து என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். பணம் வீணாகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒற்றை யூஎஸ்பி மைக்

பேசுகிறவருக்கு ஒரு வாய்; மிருதங்கத்துக்கு இரண்டு பக்கம். வலந்தலைப் பக்கம் (மேல்ஸ்தாயி ஒலி வருகிற வலப்பக்கம்) வைத்தால் தொப்பி (கனத்த ஒலி வருகிற இடப்பக்கம்) எங்கோ கேட்கும். இன்னொரு யூஎஸ்பி மைக் சேர்த்தாலும் இரண்டும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடும். நீளமான தனி ஆவர்த்தனத்தில் இரண்டு பக்கமும் மெல்ல விலகிவிடும்.

"இரண்டு இன்புட்" இன்டர்ஃபேஸ்

மைக்கைக் கணினியோடு இணைக்கிற பெட்டிதான் இன்டர்ஃபேஸ். சிலவற்றில் ஒரு இன்புட்தான் மைக்குக்கு, மற்றது கிட்டாருக்கு. இரண்டு எக்ஸ்எல்ஆர் துளை (மைக் கேபிள் செருகும் இடம்) இருக்கிறதா, இரண்டுக்கும் கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் கிடைக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சுவர் முழுக்க ஃபோம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். ஒரு மாணவன் படுக்கையறையின் நான்கு சுவரிலும் இரண்டு அங்குல ஃபோம் ஒட்டியிருந்தான். பதிவைக் கேட்டால் வலந்தலையில் அடிக்கும் சாப்பு மந்தமாக இருந்தது, தொப்பி மட்டும் அறையெங்கும் குமுறியது. மைக்கில்தான் குறை என்று அவன் அப்பா அதைவிட விலை கூடிய கண்டென்சர் மைக் (நுட்பமான ஒலியையும் பிடிக்கிற வகை) வாங்கிக் கொடுத்தார். அது அதே குமுறலை இன்னும் தெளிவாகப் பதிவு செய்தது.

காரணம் எளிது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். சுவரோடு ஒட்டிய ஃபோம் அதை நன்றாக உறிஞ்ச வேண்டுமென்றால் அலைநீளத்தின் கால் பங்கு, அதாவது 85 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும். இரண்டு அங்குலம் மேல்ஸ்தாயி ஒலியைத்தான் தின்னும். வலந்தலையின் பளபளப்பு போய்விடும், தொப்பியின் கார்வை அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதும் இதனால் நிற்காது.

அந்த அறையில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. தொப்பியில் கும்கி என்ற ஆழ்ந்த ஒலியை எழுப்பும்போதெல்லாம் ஒரு ரீங்காரம். தேடிப் பார்த்தால் இரும்பு பீரோவின் கதவு! மடித்த காகிதத்தை இடுக்கில் செருகியதும் நின்றது. பிறகு தரையில் ஜமக்காளம் விரித்தோம், முதுகுக்குப் பின்னால் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தினோம். மூலையிலும் அறையின் நட்டநடுவிலும் உட்காராமல் இடம் மாற்றி வாசிக்கச் சொன்னேன். பழைய மைக்கே போதுமானதாக இருந்தது. ஃபோமைப் பிய்த்தபோது பெயின்டும் சேர்ந்து வந்தது தனிக் கதை.

கண்டென்சர்தான் உசத்தி என்ற நம்பிக்கை

தெருச் சத்தம் அதிகமா? எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் (கண்டென்சர் அளவுக்கு நுணுக்கமாகப் பிடிக்காத வகை) இரண்டை ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். ரொம்ப நெருங்கினால் தொப்பியின் ஒலி ஊதிப் பெருத்துவிடும்.

போலாரிட்டியை மறப்பது

வலந்தலையில் அடி விழுந்தால் அந்தத் தோல் உள்ளே போகும், எதிர்ப்பக்கத் தோல் வெளியே தள்ளும். அதனால் எதிரெதிரே வைத்த இரண்டு மைக்குகளின் ஒலியும் ஒன்றையொன்று குறைத்துவிடலாம். மென்பொருளில் ஒரு பக்கத்தின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல்-கீழ் திசையை, தலைகீழாக்கிக் கேளுங்கள். எதில் கனம் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் காசு வேண்டாம்.

ஹெட்ஃபோன்

ஒலி வெளியே கசியாத மூடிய வகை. இல்லாவிட்டால் காதில் ஓடுகிற சுருதியும் தாளமும் மைக்கில் ஏறும்.

ஸ்டாண்டு

குட்டையானது இரண்டு. நீங்கள் உட்கார்ந்திருப்பது தரையில்.